கொட்டகையில் நிற்கும் அம்பாசிடர்: பிஸ்டன் வாங்கும் முன் அளவெடுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணே. பள்ளத்தூரில் வீடு, காரைக்குடியில் வேலை. எங்கள் ஐயா வாங்கிய 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2, கார் கொட்டகையில் 19 வருடமாக நிற்கிறது. கடைசியாக ஓடியபோது நீலப்புகை தள்ளியது, ஆயிலும் குடித்தது. இப்போது கை ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இன்ஜின் அசையவே இல்லை. ஒரு மெக்கானிக் டீசல் இன்ஜின் தூக்கி வைத்துவிடலாம் என்கிறார். நண்பர் ஒருவர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் சேர்ந்த செட் ஒன்று மலிவாக வருகிறது, உடனே வாங்கிப் போடு என்கிறார். என்னிடம் பைக் வேலைக்கு வாங்கிய ஸ்பானர் செட் இருக்கிறது. இன்ஜினுக்கு 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன், சனி ஞாயிறு ஓய்வு. நானே வீட்டில் வைத்துச் செய்ய முடியுமா? தையில் தங்கை கல்யாணம், இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் ஓட்டிவிடலாமா?

பதில்:

தம்பி, செய்ய முடியும். ஆனால் "நானே செய்வது" என்பதில் எது உங்கள் வேலை, எது பட்டறை வேலை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கழற்றுவது, கழுவுவது, அளப்பது, திரும்பப் பூட்டுவது எல்லாம் உங்களுடையது. கூலியில் பெரும்பகுதி இதற்குத்தான் போகும், மிச்சமாவதும் இங்கேதான். இரும்பைச் சீவுகிற வேலை எதுவாக இருந்தாலும், போரிங் (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்குவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைச் சாணை பிடிப்பது), வால்வு சீட் வெட்டுவது, எல்லாம் இன்ஜின் ரீகண்டிஷன் செய்யும் லேத் பட்டறையுடையது. அதை வீட்டில் முயல வேண்டாம்.

நண்பர் சொல்லும் செட்டை இப்போது வாங்காதீர்கள். இந்தக் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த ஒரு வரிதான். பிஸ்டன் ஸ்டாண்டர்டு சைஸிலும் வரும், போர் பண்ணி அகலமான சிலிண்டருக்கு 10, 20, 30, 40 தவ் ஓவர் சைஸிலும் வரும். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறையில் எல்லாரும் அந்தக் கணக்கில்தான் பேசுவார்கள். சாணை பிடித்து மெலிந்த கிராங்குக்குப் பேரிங் அதேபோல அண்டர் சைஸில் வரும். உங்கள் பிளாக் ஏற்கெனவே ஒருமுறை போர் பண்ணியதா, கிராங்க் ஏற்கெனவே கிரைண்டிங் ஆனதா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். 1968 வண்டி, ஐயா நன்றாக ஓட்டியிருப்பார், எனவே ஒருமுறை வேலை பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். சைஸ் தெரியாமல் வாங்கிய செட் அலமாரியில்தான் உட்காரும்.

சரி, முதல் வேலை பிரிப்பதும் இல்லை, ஊறவைப்பது. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குப் போடும் ஏ.டி.எஃப். ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஒரு வாரம் விடுங்கள், தினமும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே இருங்கள். 19 வருடம் நின்ற இன்ஜினில் ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கும், அதன் வழியாக ஈரக்காற்று போய் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ சிலிண்டரில்தான். ஒரு வாரம் கழித்து டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அரை அங்குலம் அசைந்தாலும் போதும், அதன் பிறகு விட்டுக்கொடுக்கும். பேட்டரி போட்டு செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். ஹேண்டிலில் பைப் மாட்டி மூன்று பேர் தொங்குவதும் வேண்டாம். அப்படியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையைப் பார்த்தபடி செய்வதுதான் முறை.

அசைந்ததும் ராக்கர் கவரைத் திறந்து வைத்து, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எட்டு வால்வும் இறங்கி ஏறுகிறதா பாருங்கள். கைடில், அதாவது வால்வு ஏறி இறங்கும் குழாயில், ஒட்டிக்கொண்ட வால்வு இருந்தால் சுற்றும்போது புஷ் ராடு வளைந்துவிடும். இந்தப் பார்வைக்குப் பைசா செலவில்லை.

இன்ஜின் தாராளமாகச் சுற்றினால் கம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்கி நாலு சிலிண்டரையும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஆயில் விட்டதும் முள் நன்றாக ஏறினால் குற்றம் ரிங், சிலிண்டர் பக்கம். ஏறவே இல்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்தாற்போல் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். துருப்பிடித்த இன்ஜினில் இந்த எண்ணை முழுதாக நம்ப முடியாது, ஆனாலும் எழுதி வையுங்கள். நீங்கள் சொன்ன நீலப்புகை வால்வு கைடிலிருந்தும் வரலாம். கீழ்ப்பாதி நன்றாக இருந்து ஹெட் வேலையோடு முடிந்த அம்பாசிடர்களும் உண்டு. ஆனால் உங்கள் வண்டி ஜாம் ஆகி நிற்பதால், அவ்வளவு சுலபமாக விடும் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இன்ஜின் இறக்கும் கட்டம் வந்தால் இரண்டு எச்சரிக்கை, இரண்டும் நம் செட்டிநாட்டு வீடுகளுக்கே உரியவை. செயின் பிளாக்கை மாட்ட கொட்டகை உத்தரத்தைப் பார்ப்பீர்கள், பர்மாத் தேக்கு, யானையையே தாங்கும் என்று யாராவது சொல்வார்கள். மரம் தாங்கலாம், அது உட்கார்ந்திருக்கும் பழைய சுவரும், கரையான் பார்த்த முனையும் தாங்குமா என்பது வேறு. மூன்று கால் ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கை, கால் எதுவும் போகக்கூடாது. இரண்டாவது, பட்டாலைக் கூடத்தில் இடம் அதிகம், நிழல் இருக்கிறது என்று பாகங்களை உள்ளே கொண்டுபோய்ப் பரப்பாதீர்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, எண்ணெய் குடித்தால் போகாது, ஆசிட் வைத்துத் தேய்த்தால் நிறமும் சேர்ந்து போகும். ஆச்சிமார் திட்டுவது தனி. கொட்டகையிலேயே தார்ப்பாய் விரித்து, மேலே ஒரு பழைய கதவுப் பலகையை மேஜையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பைக் ஸ்பானர் செட் இதற்கு ஆகாது. இது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து உத்தர்பாராவில் செய்த வண்டி, இன்ஜின் பி.எம்.சி. பி சீரிஸ், 1489 சி.சி. நட்டு, போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. 9/16 நட்டுக்கு 14 எம்.எம். ஸ்பானர் நுழையாது, 15 போட்டால் தலை மழுங்கும். 7/16, 1/2, 9/16, 5/8 இந்த நாலும் ரிங் ஸ்பானராகவும் பெட்டி ஸ்பானராகவும் இருந்தால் பாதி வேலை நடக்கும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச் இரவலோ வாடகையோ போதும். காசு போட்டு வாங்க வேண்டியது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட நல்ல ஃபீலர் கேஜ் ஒன்று.

கழற்றும்போது சோம்பல்படாமல் செய்ய வேண்டியது அடையாளம் வைப்பது. முட்டை அட்டையில் வால்வுகள், அட்டைப் பெட்டியில் எட்டு ஓட்டை குத்தி எண் போட்டுப் புஷ் ராடுகள், அவற்றின் அடியில் கேம் மேல் ஓடும் டேப்பட்டுகள். டேப்பட் எந்தக் கேம் மேடு மேல் ஓடியதோ அதே இடத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும், மாற்றிப் போட்டால் கேமும் டேப்பட்டும் ஒன்றையொன்று தின்னும். மெயின் பேரிங் கேப் மூன்று, கனெக்டிங் ராடு கேப் நாலு, ஒவ்வொன்றும் தன் இடத்தோடு பிறந்தவை, மாற்றக்கூடாது. இந்த இன்ஜினின் கனெக்டிங் ராடு கேப் நேராக இல்லாமல் சரிவாகப் பிளந்திருக்கும், ராடும் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். எது எந்தப் பக்கம் பார்த்தது என்று கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனை மேலே தள்ளும் முன் சிலிண்டர் வாயில் நகம் வைத்துத் தடவுங்கள், ஒரு விளிம்பு தட்டும். அதைச் சீவாமல் தள்ளினால் பழைய பிஸ்டனின் ரிங் பள்ளம் உடையும்.

பிஸ்டன் பின்னைக் கனெக்டிங் ராடு ஒரு கிளாம்ப் போல்ட்டால் இறுக்கிப் பிடித்திருந்தால், ராடை வைஸில் கடிக்க வைத்து அந்தப் போல்ட்டைத் திருகாதீர்கள், ராடு முறுக்கிக்கொள்ளும். பின்னின் இரண்டு முனையிலும் பிடிமானம் கொடுத்துப் பின்னைத்தான் பிடிக்க வேண்டும். தயக்கம் இருந்தால் இந்த ஒன்றைப் பட்டறையிலேயே செய்து வாங்கிவிடுங்கள்.

இப்போது அளவு. போர் டயல் கேஜ் இல்லாமல் ஃபீலர் கேஜை மட்டும் வைத்துச் சிலிண்டர் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிஸ்டனிலிருந்து உடையாமல் ஒரு கம்ப்ரஷன் ரிங்கை எடுங்கள். சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளினால் ரிங் கோணாமல் மட்டமாக இறங்கும். முதலில் சிலிண்டரின் அடியில், ரிங் ஓடாத இடத்தில் நிறுத்தி, ரிங்கின் இரு முனைக்கும் இடையே ஃபீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, அந்த விளிம்புக்குச் சற்றே கீழே, தேய்மானம் அதிகமான இடத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் 12 தவ், மேலே 40 தவ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 28. அதை 3.14 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9 தவ். சிலிண்டரின் விட்டம் மேலே அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஐந்து தவ்வுக்குள் இருந்தால் ஹோனிங் போட்டு, அதாவது சிலிண்டர் சுவரை லேசாகச் சொரசொரப்பாக்கி, புது ரிங் மட்டும் மாற்றி ஓட்டலாம், எப்போதாவது எடுக்கிற வண்டிக்கு அது போதும். எட்டு, ஒன்பது என்று போனால் போர் பண்ணாமல் புது ரிங் போடுவது வீண், கொஞ்ச நாளில் பழையபடி புகை வரும். இடையில் வந்தால் பிஸ்டனைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இந்த முறையில் ஒரு குறை உண்டு: சிலிண்டர் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் இது காட்டாது. அதற்குப் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துருக் குழி ஆழமாக இருந்தாலும் அளவு என்ன சொன்னாலும் போர் தவிர்க்க முடியாது.

பழைய பிஸ்டன் தலையைக் கரி போகத் துடைத்துப் பாருங்கள், ஓவர் சைஸ் என்றால் பெரும்பாலும் எண் குத்தியிருக்கும். ஸ்டாண்டர்டு போர், அதாவது சிலிண்டர் விட்டம், 73.02 எம்.எம். இப்போது 20 தவ்வில் நிற்கிறது, தேய்மானத்தைப் பார்த்தால் 40 போக வேண்டும் என்று தெரிந்தால், 40 தவ் பிஸ்டன் செட் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கையில் பிஸ்டன் வந்த பிறகுதான் பிளாக்கைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பிஸ்டனையும் கூடவே கொடுங்கள், அவர்கள் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அந்தந்த சிலிண்டரை அதற்கேற்ற இடைவெளியோடு போர் பண்ணுவார்கள். "நீங்கள் போர் பண்ணி வையுங்கள், பிஸ்டன் அப்புறம் தேடிக்கொள்கிறேன்" என்று சொன்னவர்கள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 40 தாண்டிவிட்டது என்றாலும் பயப்பட வேண்டாம், சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாயை அடித்து ஸ்டாண்டர்டுக்குக் கொண்டு வரலாம், செலவு கூடும்.

கிராங்கையும் அப்படித்தான். பேரிங்குக்குள் சுற்றும் இடங்களான ஜர்னல்களை மைக்ரோமீட்டரில் பார்த்து, கோடு விழுந்திருந்தாலோ வட்டம் கெட்டிருந்தாலோ மட்டும் கிரைண்டிங். எந்த அண்டர் சைஸ் பேரிங் கிடைக்கிறதோ அந்த அளவுக்கு. ஜர்னல் முடிகிற மூலையில் இருக்கும் வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள், அதைக் கூர்மையாகச் சீவிவிட்டால் கிராங்க் அந்த இடத்தில்தான் வெடிக்கும். நல்ல பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னால் முறைப்பார், முறைத்தால் நல்லது.

ஹெட் வேலையில் நம் நாட்டுக்கு ஒரு கூடுதல் விஷயம். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். உங்கள் இன்ஜின் ஈயம் கலந்த காலத்தது, வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வால்வு சீட்டை வெட்டியிருப்பார்கள். ஈயம் சீட்டுக்கு ஒரு காப்பு மாதிரி இருந்தது, அது இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் புதைந்துகொண்டே போகும், டேப்பட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவே விடும் இடைவெளி, தானாகக் குறையும். ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறது, நாலு எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் இன்சர்ட் என்ற கடின உலோக வளையம் அடிக்க எவ்வளவு என்று கேளுங்கள். பணம் இடித்தால் இதைத் தள்ளிப்போடலாம், காரைக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போய்வருகிற வண்டிக்கு உடனே ஒன்றும் ஆகாது. கைடு தேய்மானத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃபிரம் இரண்டையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும், யோசிக்காமல் ஹோஸ், டயாஃபிரம் எல்லாவற்றையும் புதுசு மாற்றுங்கள், எத்தனாலுக்குத் தாங்கும் தரம் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் டேங்க் நிறையப் பெட்ரோல் வைத்திருக்காதீர்கள்.

கழுவும் வேலைக்குப் பெட்ரோலை எடுக்கவே கூடாது. டீசலோ மண்ணெண்ணெயோ போதும். வீட்டில் இருக்கும் பழைய எனாமல் பேசின்களில் பிஸ்டனை ஊறப்போட வேண்டாம், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அதற்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். பிளாஸ்டிக் டப் வாங்கிக்கொள்ளுங்கள். காஸ்டிக் சோடாவில் அலுமினியம் எதையும் போடக்கூடாது, கரைந்துவிடும்.

சம்ப், டைமிங் கவர், பிராக்கெட் போன்ற இரும்புத் தகட்டுச் சாமான்களின் துருவுக்கு மலிவான வழி மின்சாரம். அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து, 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் இயங்குகிற ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. டப்பில் தண்ணீர், அதில் சலவை சோடா, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வயர் துருப்பிடித்த சாமானில், பாசிட்டிவ் ஒரு வெற்று இரும்புத் தகட்டில். இரண்டும் தொடக்கூடாது. இரவு விட்டால் காலையில் துரு கறுப்புச் சேறாக உதிரும். தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக்கூடாது, தண்ணீர் விஷமாகிவிடும். ஹைட்ரஜன் கிளம்பும், ஆகவே திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாமல். அலுமினியத்தையும் வால்வு ஸ்பிரிங்கையும் இதில் போடாதீர்கள், ஸ்பிரிங் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும்.

பிளாக் பட்டறையில் இருக்கும்போதே, தண்ணீர் ஓடும் அறைகளின் ஓட்டைகளை மூடியிருக்கும் கோர் பிளக் எல்லாவற்றையும் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஐயா காலத்தில் ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர்தானே ஊற்றியிருப்பார்? அந்த உப்பும் துருவும் சேர்ந்து, பின் பக்கம் நாலாவது சிலிண்டரைச் சுற்றிச் சேறாகக் கெட்டித்திருக்கும். கம்பி விட்டுக் கிளறினால் செங்கல் நிறத்தில் கைப்பிடி கைப்பிடியாக வரும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அம்பாசிடர் கொதிப்பதற்கு ரேடியேட்டரைத் திட்டுகிறவர்கள் பலர், பாதி வழக்கில் குற்றவாளி இந்தச் சேறு. இனிமேல் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் மட்டும்.

பட்டறையிலிருந்து திரும்பிய பிளாக்கைச் சுத்தமாக வந்தது என்று நம்பாதீர்கள். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்து, ஒவ்வொரு ஆயில் ஓட்டையிலும் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து, உடனே ஆயில் பூசுங்கள். கிராங்கின் ஆயில் ஓட்டைகளிலும் அப்படியே. ஹோனிங் தூசு ஒரு சிட்டிகை உள்ளே போனால் புது பேரிங் போச்சு. திருப்பூர் பனியன் வேஸ்ட் வெளியே கை துடைக்க மட்டும், உள்ளே விட்டால் நூல் பிரிந்து ஆயில் வழியை அடைக்கும். பலமுறை துவைத்து மெலிந்த வேட்டித் துணி நல்லது. நம் செம்மண் புழுதிக்கு, வேலை இல்லாத நேரம் எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் கட்டி வையுங்கள்.

பூட்டும்போது ஒரு பழக்கம் உங்களைக் காப்பாற்றும்: ஒவ்வொரு கேப்பையும் இறுக்கிய பிறகு கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். மூன்றாவது கேப் வரை வழுக்கிக்கொண்டு சுற்றியது நாலாவதில் பிடித்தால், தப்பு நாலாவதில்தான், அங்கேயே நிறுத்துங்கள். புது ரிங்குகளைச் சிலிண்டரில் விட்டு இடைவெளி பாருங்கள், இந்த இன்ஜினுக்கு 8 முதல் 13 தவ். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில் இறுக்குங்கள், கடைசி எண்ணுக்கு சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். டேப்பட் இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 15 தவ். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்று குழம்ப வேண்டாம், கூட்டினால் 9 வர வேண்டும், அவ்வளவுதான். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வைக்க வேண்டும், ஏழு திறந்தால் இரண்டு, மூன்று திறந்தால் ஆறு. பிளக் வயர் வரிசை 1-3-4-2.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி வைத்து, ஆயில் பிரஷர் வரும்வரை செல்ஃபில் சுற்றுங்கள். 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும், விலை உயர்ந்த சிந்தடிக் இப்போது வேண்டாம், புது ரிங் சிலிண்டரோடு இழைந்து உட்கார அது உதவாது. கேமும் டேப்பட்டும் புதிதாகப் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்.பி.எம். அளவில் 20 நிமிடம் வைத்திருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றி, ஹெட் இறுக்கத்தையும் டேப்பட்டையும் மறுபடி பாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் இன்ஜினின் பின் பக்கத்தில் நாலு சொட்டு ஆயில் விழுந்தால் மனம் உடைய வேண்டாம். அங்கே ரப்பர் சீலே கிடையாது, கிராங்கில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது. அட்டையைப் போட்டுவிட்டு வண்டியை நிறுத்துங்கள்.

பணம். உங்கள் உழைப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், 40,000-ல் இன்ஜினை முடிக்கப் பார்க்கலாம், ஸ்லீவும் கிராங்கும் சேர்ந்து கேட்டால் முடியாது. அதனால் பிளாக்கையும் கிராங்கையும் அளந்து முடிக்கும் வரை 10,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். காரைக்குடியில் ஒரு பட்டறை, மதுரையிலோ திருச்சியிலோ ஒரு பட்டறை, இரண்டிலும் விலை கேட்டு, அவர்களிடம் இப்போது வேலையில் இருக்கும் பிளாக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெயின்ட், குரோம், புது ஏர் கிளீனர் எல்லாம் கடைசி. கார்புரேட்டரைக் கழுவி ரிப்பேர் கிட் போட்டால் போதும். பேரிங், ஹெட் கேஸ்கட், டைமிங் செயின் மூன்றிலும் பேரம் பேசாதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் கிடைக்கும், உங்கள் கிராங்க் போய்விட்டது என்றால் உதிரிக்காக ஒன்று வாங்குவது நல்ல யோசனை, பில்லோடு வாங்குங்கள். ஆனால் பிளாக்கை மாற்றினால் இன்ஜின் நம்பர் மாறும், ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

டீசல் யோசனைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை வின்டேஜ் வண்டியாகப் பதியலாம், 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருந்தால்தான். டீசல் ஏற்றினால் அந்தக் கதவை நீங்களே மூடிவிடுகிறீர்கள். ஆனால் வின்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்ற அளவில்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குன்றக்குடி போக வேண்டுமென்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் வழியைப் பாருங்கள். ஆர்.சி. இன்னும் ஐயா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேலையை இன்றே தொடங்குங்கள், இன்ஜினைவிட அது அதிக நாள் எடுக்கும்.

கல்யாணத்துக்கு வண்டி வரும் என்று வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். நாலு மாதத்தின் சனி ஞாயிறுகளில் இன்ஜின் ஓடிவிடலாம். ஆனால் 19 வருடம் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் எல்லாம் போயிருக்கும், டயர் வெடித்திருக்கும், அந்தச் செலவு உங்கள் 40,000-க்கு வெளியே. பிரேக் லைனிங் பழையதாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்துத் தூசு கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். நிற்காத வண்டியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். முகப்பு வாசலில் மாலை போட்டு நிறுத்தி வைத்தால் படத்துக்கு அழகாகவே இருக்கும்.

ஊறவைத்து, திறந்து, நாலு சிலிண்டரிலும் மேலே கீழே ரிங் இடைவெளி எடுத்து, பிஸ்டன் தலையில் என்ன எண் குத்தியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். போர் வேண்டுமா, ஹோனிங் போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.